டேபிள் உறவுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: இரண்டு டேபிளிலும் ஒரே பெயரில் ஒரு ஃபீல்டு இருந்தால் போதும், உறவு வந்துவிடும்.

உண்மை: வராது. ஒரு நூலக டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் டேபிளில் உறுப்பினர் எண்தான் பிரைமரி கீ. இரவல் டேபிளிலும் உறுப்பினர் எண் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதை டேட்டாபேஸ் பொருட்படுத்தாது. 47ஆம் எண் உறுப்பினரை நீக்கினால், அவர் கொண்டுபோன புத்தகங்களின் ரெக்கார்டுகள் ஆளில்லாமல் கிடக்கும். இல்லாத 900ஆம் எண்ணுக்குப் புத்தகம் கொடுத்ததாகவும் பதிந்துவிடலாம், எர்ரர் வராது. இரவல் டேபிளில் அந்த ஃபீல்டை ஃபாரின் கீ என்று அறிவித்தால்தான் இரண்டுக்கும் தடை விழும்.

நம்பிக்கை: அதையெல்லாம் புரோகிராமிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: பலரும் ஏமாறும் இடம் இது. ஒரு கவுன்ட்டரில் 47ஆம் எண் இருக்கிறதா என்று புரோகிராம் பார்க்கிறது, இருக்கிறது. அதே நொடியில் இன்னொரு கவுன்ட்டரில் அந்த உறுப்பினரை நீக்குகிறார்கள். அடுத்த நொடி முதல் கவுன்ட்டர் இரவலைப் பதிகிறது. இரண்டு புரோகிராமிலும் பிழையில்லை, டேட்டா மட்டும் கெட்டுவிட்டது. யாராவது எக்செல் கோப்பை நேரடியாக ஏற்றினாலும் இதே கதிதான். எல்லா வழியும் வந்து சேரும் இடம் டேட்டாபேஸ். காவலும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: ஃபாரின் கீ எழுதிவிட்டால் காவல் தொடங்கிவிடும்.

உண்மை: எஸ்கியூலைட்டில் அது வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ஃபாரின் கீஸ் என்ற பிராக்மாவை, அதாவது அமைப்புக் கட்டளையை, ஆன் செய்ய வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் 5.5 பதிப்புக்கு முன்பு வழக்கமாக அமைந்த மைஐசாம் என்ற ஸ்டோரேஜ் எஞ்சின், ஃபாரின் கீயை ஏற்பதுபோல் ஏற்று, சத்தமில்லாமல் விட்டுவிடும். மறுத்திருந்தாலாவது நமக்குத் தெரிந்திருக்கும். இப்போது வழக்கமாக அமையும் இன்னோடிபி எஞ்சின் அப்படி விடுவதில்லை.

நம்பிக்கை: ஃபாரின் கீ இல்லாமல் ஜாயின் செய்ய முடியாது.

உண்மை: தாராளமாக முடியும். ஜாயினுக்கு வேண்டியது ஒப்பிடத்தக்க மதிப்புகள்தான்.

நம்பிக்கை: ஃபாரின் கீ வைத்தால் இண்டெக்ஸும் தானே வரும்.

உண்மை: இன்னோடிபியில் வரும். போஸ்ட்கிரெஸ்ஸில் வராது, நாமே போட வேண்டும். போடாவிட்டால் ஓர் உறுப்பினரை நீக்கும்போதெல்லாம் இரவல் டேபிள் முழுவதையும் அது தேடும்.

எஸ்கியூலைட் வைத்திருப்பவர்கள் ஃபாரின் கீ செக் என்ற பிராக்மாவை இன்றே ஓட்டிப் பாருங்கள். ஆளில்லாத ரெக்கார்டுகள் எந்த டேபிளில் கிடக்கின்றன என்று அது வரிசையாகக் காட்டிவிடும்.