மேற்கே ஓடும் ஆறு

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் வட்டம் உள்ளது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகியவை இங்குள்ள ஊர்கள். தமிழ் பேசும் மக்கள் இங்கே நிறைய வாழ்கிறார்கள். எங்கும் பனைமரங்கள். கேரளத்தில் கரிசல் மண் உள்ள வட்டாரம் இதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே இடைவெளி விட்டு நிற்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே காற்று பலமாக வீசும். ஆனால் கேரளத்தின் மற்ற இடங்களைப் போல இங்கே மழை பெய்வதில்லை. ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் வயல் விளையும்.

அந்த ஆறு எங்கே பிறக்கிறது? தமிழ்நாட்டின் ஆனைமலையில். ஆழியாறும் பாலாறும் சேர்ந்து மேற்கே ஓடி வருகின்றன. கேரளத்தில் அதன் பெயர் சித்தூர்ப்புழை. கண்ணாடிப்புழை என்றும் சொல்வார்கள். பறளியில் கல்பாத்திப்புழை வந்து சேரும். பிறகு அது பாரதப்புழை. பொன்னானியில் அரபிக் கடலில் கலக்கும். பாரதப்புழையின் நீளம் 209 கிலோமீட்டர்.

ஆற்றின் மேலே அணைகள் உள்ளன. ஆழியாறு அணை 1962ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீரைப் பங்கிட இரு மாநிலங்களும் 1970இல் ஒப்பந்தம் செய்தன. அதன்படி மணக்கடவில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும்.

டி.எம்.சி. என்றால் என்ன? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பிடிக்கும் தண்ணீர் ஒரு கன அடி. நூறு கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி.

மூலத்தறையில் ஆற்றைத் தடுத்து, தண்ணீரை வாய்க்கால்களில் திருப்புகிறார்கள். 2009 நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தடுப்பணை உடைந்தது. பிறகு மீண்டும் கட்டினார்கள்.

தலைமடையில் தண்ணீர் முதலில் பாயும். கடைமடைக்கு அது கடைசியில்தான் வரும். வாய்க்காலில் மண் தூர்ந்தால் கடைமடை வயல் காயும். தலைமடைக்காரர் மதகை அடைக்க மறந்தாலும் காயும். ஆற்றில் மணலை அள்ளிக்கொண்டே போனால் கிணறுகளிலும் தண்ணீர் கீழே இறங்கும்.

எந்த வாய்க்காலில் எந்த நாள் தண்ணீர் விடுவார்கள்? அறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர் பிறரைக் கேட்டு நிற்க வேண்டாம். தம் முறை தவறினால் மனு எழுதியும் கொடுக்கலாம்.

சிந்தித்துப் பேசுங்கள்:

1. உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
2. உங்கள் ஊர் வாய்க்காலைக் கடைசியாகத் தூர் வாரியது எப்போது?
3. கடைமடைக்கும் தண்ணீர் சேர என்ன செய்யலாம்?