எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல

2022 நவம்பர். வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்தால், வராத பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரே பதில்தான் வந்தது: "மெட்ராஸ் ஐ, டீச்சர்." மாநிலம் முழுக்கவே அப்போது அதே பேச்சு. எங்கள் பள்ளிக்கு மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலிருந்தும், கல் சிற்பப் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அன்று கண் சிவந்து வந்திருந்த ஒரு மாணவியை யாரும் நேராகப் பார்க்கவில்லை. பேசினாலும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். ஏன் என்று கேட்டேன்.

"பார்த்தா ஒட்டிக்கும் டீச்சர்."

நுண்ணுயிரிகள் பாடத்தை அவர்களுக்கு நடத்தி முடித்திருந்தேன். வைரஸ் பற்றிய கேள்விக்கு எல்லோரும் சரியாகவே விடை எழுதியிருந்தார்கள். ஆனாலும் பார்வை வழியாக நோய் தாவும் என்ற நம்பிக்கை அப்படியே இருந்தது. மறுத்துச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதனால் மறுநாள் வேறு வழியில் முயன்றேன்.

காலை வழிபாட்டுக்கு முன் ஒரு மாணவியைத் தனியே அழைத்து, அரிசி மாவில் மஞ்சள் தூள் கலந்து அவள் வலது உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துவிட்டேன். "கை கழுவாதே. கண்ணைக் கசக்காதே. மற்றபடி எப்போதும் போல இரு. யாரிடமும் சொல்லாதே." (கலர் கோலப்பொடி வேண்டாம். கண்ணில் பட்டால் எரியும்.) இரண்டு பாடவேளை முடிந்ததும் விஷயத்தைச் சொல்லி, மஞ்சள் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். கதவுத் தாழ்ப்பாள், குடிநீர்க் குழாயின் திருகு, மூன்று பேரின் ஸ்கேல், கரும்பலகை டஸ்டர், கடன் வாங்கிய பேனா. இரண்டு பேர் கன்னத்தில். ஒருவன் புருவத்தில். கடைசியில் ஒரு வாலு எழுந்து, "டீச்சர், உங்க கண்ணாடிக் காம்புல!" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அந்த மாணவியைத் தொடவே இல்லை. அவள் கொடுத்த நோட்டைத்தான் வாங்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு விளக்குவது எளிதாக இருந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமையின் உட்புறத்தையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதில் வைரஸ் தொற்றினால் இரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவக்கிறது, நீர் வடிகிறது, பீளை தள்ளுகிறது. அந்த நீரிலும் பீளையிலும்தான் கிருமி இருக்கிறது. அது கைக்கு வருகிறது, கையிலிருந்து பொருளுக்கு, பொருளிலிருந்து இன்னொருவர் கைக்கு, அந்தக் கையிலிருந்து அவர் கண்ணுக்கு. இந்த நோயை அதிகம் உண்டாக்கும் அடினோ வைரஸ், காய்ந்த பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூட உயிர்ப்புடன் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே துண்டு, ஒரே தலையணை, ஒரே கண்மைச் சிமிழ், அண்ணன் தம்பி மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒரே கைபேசி. வேறென்ன வேண்டும்? கறுப்புக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் கூசாது. மற்றவர்களைக் காப்பது அந்தக் கண்ணாடி அல்ல, சோப்பு போட்டுக் கழுவிய கைதான். கொரோனா காலத்துச் சானிடைசரை நம்பி இருந்துவிடவும் கூடாது. அடினோ வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. அதனால் சானிடைசர் எல்லாவற்றிலும் அது எளிதில் மடிவதில்லை.

பெயருக்குக் காரணம் கேட்டார்கள். 1918-இல் சென்னையில் அடினோ வைரஸைக் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வைரஸைப் பிரித்தெடுத்ததே 1953-இல்தான், அதுவும் அமெரிக்காவில். சென்னையில் அந்தக் காலத்தில் கண்நோய் பரவியது உண்மை. 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய கிர்க்பாட்ரிக் என்ற மருத்துவர், அப்படிப் பரவிய ஒரு நோயில் கருவிழியில் புள்ளிகள் விழுவதைக் கவனித்து 1920-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். இதே போன்ற நோயை வங்காளத்தில் 1971 போரின்போது 'ஜெய் பங்களா' என்றார்கள். நிலவில் மனிதன் இறங்கிய 1969-இல் கானா நாட்டில் பரவியபோது 'அப்பல்லோ' என்றார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடித்திருந்தது.

கிர்க்பாட்ரிக் கண்ட புள்ளிகளில்தான் அடுத்த செய்தி இருக்கிறது. 'ஒரு வாரத்தில் தானே போய்விடும்' என்பது பெரும்பாலோருக்குச் சரி. சிலருக்குக் கருவிழியில் புள்ளிகள் விழுந்து, மாதக்கணக்கில் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசலாகவும் இருக்கும். கரும்பலகை தெரியாத பிள்ளையை நாம் 'கவனிக்கவில்லை' என்று திட்டிக்கொண்டிருப்போம். மருந்துக் கடையில் 'கண்ணுக்குச் சொட்டு' என்று கேட்டு வாங்குவதில் சில ஸ்டீராய்டு கலந்தவை. போட்டதும் சிவப்பு குறையும், கிருமி நீடிக்கும். கருவிழியில் ஏற்கெனவே புண் இருந்தால் அது ஆழமாகும். தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைச் சாறு பிழிவதும் எங்கள் பக்கம் இன்னும் உண்டு.

இவ்வளவும் வகுப்பில் சொன்ன நான் அதே மாதம் செய்த தவறையும் எழுத வேண்டும். மஞ்சள் சோதனைக்கு அடுத்த வாரம் ஒரு பையன் கண் சிவந்து வந்தான். "ஒரு வாரம் வீட்டிலேயே இருப்பா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். எட்டு நாள் கழித்து வந்தான். வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் படாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இடது கண் வெள்ளையாக, நன்றாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான்: "அவங்க அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனப்ப கல்லு தெறிச்சிடுச்சு டீச்சர். அடிப்பாங்கன்னு சொல்லல." அந்த எட்டு நாளும் பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தைப் போட்டிருக்கிறார்கள்.

அவன் அம்மாவுடன் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். கருவிழியில் புண். பல வாரச் சிகிச்சையில் ஆறிவிட்டது, பார்வை பெருமளவு தப்பியது. ஆனால் கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. "பூ விழுந்துடுச்சு" என்கிறார் அவன் பாட்டி.

இப்போது கண் சிவந்து யார் வந்தாலும் அனுப்புவதற்கு முன் கேட்கிறேன். ஒரு கண்ணா, இரண்டா? உறுத்தலா, குத்துவது போல வலியா? எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? ஏதாவது தெறித்ததா, விழுந்ததா? மெட்ராஸ் ஐ கூட ஒரு கண்ணில்தான் தொடங்கும். ஆனால் பெரும்பாலும் சில நாட்களில் மறு கண்ணுக்கும் வந்துவிடும். கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கல்லோ மண்ணோ பட்ட பேச்சு - இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அல்ல, அன்றே கண் மருத்துவரிடம். மற்றவர்களுக்கு நீர் வடிவதும் பீளையும் நிற்கும் வரை விடுப்பு. முழு வருகைக்கு நான் கொடுத்துவந்த பரிசையும் நிறுத்திவிட்டேன். சிவந்த கண்ணோடு பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததற்கு அந்த டிபன் பாக்ஸும் ஒரு காரணம்.

அந்தப் பையன் இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறான். போன மாதம் அவன் அப்பா வேலை செய்யும் பட்டறைக்குப் போயிருந்தேன். உளி பிடித்திருந்த நான்கு பேரில் இரண்டு பேர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு பேரின் கண்ணாடி நெற்றிமேல் இருந்தது.