பாரிஸில் வாடகை சைக்கிளா? கிளம்பும் முன் பாருங்கள்

பாரிஸ் நகரில் 2007 முதல் ஓடும் ‘வெலிப்’ பொதுச் சைக்கிள்களை ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விடலாம். காற்று இறங்கிய டயரும் காலி இடமில்லாத நிலையமும்தான் புதியவர்களைப் படுத்தும் தொல்லைகள். தப்பிக்கச் சில வழிகள்:

1. முதலில் சீட்டைப் பாருங்கள். அது பின்பக்கம் திரும்பியிருந்தால் தொடாதீர்கள். ‘வண்டி பழுது’ என்று முன்பு ஓட்டியவர் விட்டுச் சென்ற அடையாளம் அது.

2. டயரை அமுக்குங்கள், பிரேக்கைப் பிடியுங்கள், பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். செயின் கழன்றிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வேறு வண்டி எடுக்கலாம்.

3. நிறம் பார்த்து எடுங்கள். பச்சை, மிதித்தே ஓட்டுவது. நீலம், பேட்டரி உதவியோடு ஓடுவது. மோன்மார்த்ர் மேட்டில் ஏறுவதற்கு நீலம்தான் சுகம். சமதரையில் பச்சையே போதும், செலவும் குறைவு.

4. போய்ச்சேரும் இடத்தில் காலி இடம் உண்டா என்று கிளம்பும்போதே செயலியில் பாருங்கள். காலை நேரத்தில் அலுவலகப் பகுதி நிலையங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

5. சாலையின் வலப்பக்கமே ஓட்டுங்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் திருப்பங்களில்தான் தடுமாறுவார்கள்.

6. இயர்போனைக் கழற்றிப் பையில் போடுங்கள். 2015 முதல் பிரான்ஸில் அதை மாட்டிக்கொண்டு ஓட்டத் தடை; அபராதம் 135 யூரோ.

7. வண்டியை விட்டதும் நடையைக் கட்டாதீர்கள். பூட்டு விழுந்ததை உறுதி செய்யுங்கள். விழாவிட்டால் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.