இறங்கும் இடத்தில் என்ன கேட்பார்கள்?

தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால் கோயம்புத்தூரில் ஏறுவார், இல்லையென்றால் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில். மூணாறுக்காரர்கள் அடிமாலி, நேரியமங்கலம் வழியாக மலையிறங்கி நெடும்பாசேரிக்கு வருவார்கள். குமுளி, வண்டிப்பெரியார்க்காரர்களுக்கு மதுரையும் ஒரு வழி. எங்கே ஏறினாலும், பெட்டி கட்டும் இரவில் வீட்டுக்குள் கேட்கும் அறிவுரைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. இருபது வருடம் முன்பு துபாயிலிருந்து திரும்பிய மாமா, விசா எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட், வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவற்றில் பாதி பழசாகிவிட்டது. சில ஆபத்தானவை. பத்து நிமிடம் முன்பே யாராவது சரியாகச் சொல்லியிருந்தால் அழாமல் போயிருப்பார்களே என்று நினைக்கும்படியான முகங்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

"விசா சரியாக இருக்கிறது, பெயரில் என்ன வந்துவிடப் போகிறது?"

பெயரில்தான் வருகிறது. பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு, குடும்பப் பெயருக்கு ஒன்று, சொந்தப் பெயருக்கு ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தும் நம் பெயரும், அவ்வளவுதான். தோட்டத்துப் பதிவேடுகளில் பலருக்கு அந்த எழுத்துகூடக் கிடையாது, முருகன் என்றால் முருகன். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் ஏற்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சில நாட்களில் ஒரு விளக்கம் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால், இறங்கியதும் விசா பெறும் தகுதி உள்ளவர்களுக்கு அதுவே போதும் என்றார்கள். வேலை விசாக்காரர்களுக்கு விதி வேறு. ஆனால் டிக்கெட் போடும் முன் இதை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்க விசாவில், சொந்தப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகளை அச்சிட்டுவிடுகிறார்கள்.

எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரேஷன் கார்டில் பெயர் மலையாளத்தில் இருக்கும், தமிழ் மீடியம் பள்ளியில் வேறு விதமாக எழுதியிருப்பார்கள். மலையாள எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுபவர் முருகனுக்கு 'கே' போடுவார், பள்ளி ஆசிரியர் 'ஜி' போட்டிருப்பார். ஆதாரில் ஒன்று, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. இதை அரசின் அக்ஷயா சேவை மையத்தில் உட்கார்ந்து ஒரே எழுத்துக்குக் கொண்டுவருவதற்கு ஒரு மாதம் ஆகலாம். அந்த ஒரு மாதத்தைச் செலவிடுங்கள். அயல்நாட்டுக் கவுண்டரில் அந்த வேலையை யாரும் செய்து தரமாட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். அங்கே உங்களை அழைப்பது பெரும்பாலும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும் பெயரால்தான். முதல்முறை வெளிநாட்டில் இறங்கியபோது, காலமாகி நான்கு வருடமான என் அப்பாவின் பெயரை ஓர் ஊழியர் உரக்கச் சொல்வதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். என்னைத்தான் அழைக்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று. அப்பா பெயர் கேட்டால் கையைத் தூக்குங்கள்.

"எமிக்ரேஷனும் இமிக்ரேஷனும் ஒன்றுதான்."

இரண்டும் வேறு. எமிக்ரேஷன் என்பது நம் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி, அது நெடும்பாசேரியிலோ கோயம்புத்தூரிலோ முடிந்துவிடும். இமிக்ரேஷன் என்பது இறங்கும் நாட்டுக்குள் நுழையும் அனுமதி. 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, 10ஆம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று குறித்திருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் அந்த அலுவலகங்கள் இருக்கின்றன. விண்ணப்பம் இ-மைக்ரேட் தளத்தின் வழியாகப் போகும். "இ.சி.என்.ஆர். முத்திரை குத்தவில்லையே" என்று சிலர் பதறுவார்கள். 2007 முதல் அப்படியொரு முத்திரையே கிடையாது. எதுவும் அச்சிடாமல் இருந்தாலே சோதனை தேவையில்லை என்று பொருள்.

இந்த அனுமதியைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். அது ஒரு பாதுகாப்புச்சுவர் என்பதே என் எண்ணம். இந்த வழியில் போகிறவருக்கு 10 லட்ச ரூபாய்க் காப்பீடு உண்டு. பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு இன்னும் கண்டிப்பு. இந்த நாடுகளில் வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். 2016 ஆகஸ்ட் முதல், கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் மூலமாகத்தான் போகலாம். கொழுந்து பறிக்கும் கூலி போதாமல் வீட்டுவேலைக்குப் போகத் துணியும் ஒரு பெண்ணிடம், "இதெல்லாம் எதற்குக்கா, விசிட் விசாவில் ஏற்றி விடுகிறேன், இங்கே கேட்டால் ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் கழற்றி எறிவது அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பை.

"விசிட்டில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்."

மாற்றியவர்கள் உண்டு. மாறாதவர்களின் கதை ஊருக்கு வருவதில்லை. விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் குற்றம். 2024இல் துபாய் நுழைவில் கெடுபிடி கூடியது. ஒரு மாத சுற்றுலா விசாக்காரரிடம் 3,000 திர்ஹத்துக்கு ஈடான பணம், திரும்பும் டிக்கெட், தங்குமிடத்துக்கான சான்று மூன்றையும் கேட்டார்கள். காட்ட முடியாதவர்களில் பலர் ஏறும் இடத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். எந்த நாடானாலும் விசா என்பது வாசலில் நின்று அனுமதி கேட்பதற்கான தகுதி மட்டும்தான். கதவைத் திறப்பது கவுண்டரில் இருக்கும் அதிகாரி. அவர் கேட்பது நான்கைந்து கேள்விகள்: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், யார் செலவு செய்கிறார்கள். உண்மை பதிலாக இருந்தால் உடைந்த ஆங்கிலமே போதும். மொழி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், தலையாட்டாதீர்கள். புரியாமல் சொன்ன 'எஸ்' ஒன்று சுற்றுலாவை வேலையாக்கிவிடும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழில் பேச ஆள் வேண்டும் என்று அங்கே தயங்காமல் கேட்கலாம்.

ஒருமுறை நாடு கடத்தப்பட்டவர் புதுப் பாஸ்போர்ட் எடுத்து, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி போய்விடலாம் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. அமீரகத்தில் 2000களின் தொடக்கத்திலிருந்தே கண்ணின் கருவிழிப்படலத்தைப் பதிந்து ஒப்பிடுகிறார்கள். எந்தப் பாஸ்போர்ட்டோடு போனாலும் கண் அதேதான்.

இனி பெட்டி. நம் வீட்டு அன்பெல்லாம் அதற்குள்தான் போகிறது, ஆபத்தும் அங்கேதான்.

கசகசா. குருமாவுக்கு அரைக்கும் சாதாரணப் பொருள், மளிகைக் கடையில் கேட்டால் மடித்துத் தருவார்கள். அது ஓபியம் செடியின் விதை. அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்டது. நம் எல்லையில் இதில் ஒரு சொல் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மலையாளிகள் சர்பத்தில் போடும் 'கஸ்கஸ்' திருநீற்றுப்பச்சிலை விதை, நாம் சப்ஜா என்போம். நம்முடைய கசகசாவை அவர்கள் 'கசகசா' என்றே சொல்கிறார்கள். "கஸ்கஸ் கொண்டுபோனேன், ஒன்றும் சொல்லவில்லையே" என்று பாலக்காட்டு நண்பர் சொன்னதை நம்பி, அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் நம் கசகசாவைச் சேர்த்துக் கொண்டுபோவது எளிதில் நடக்கக்கூடிய தவறு. பொடியாக அரைத்தாலும் தடை தடைதான்.

"டாக்டர் சீட்டு இருந்தால் எந்த மருந்தும் கொண்டுபோகலாம்" என்பதும் பாதி உண்மை. முதுகுவலிக்கு எழுதித் தரும் ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. சீட்டோடு, அந்நாட்டு அரசின் தளத்தில் முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். மருந்தை அதன் அட்டையோடும் பெட்டியோடும் வையுங்கள், பிரித்து டப்பாவில் போடாதீர்கள். வெற்றிலை, பான் வகைகள் துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகக் கூடாது.

எல்லாவற்றையும்விட, அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கும் பொட்டலம். அல்வா என்பார்கள், ஊறுகாய் என்பார்கள், "என் மச்சான் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வான்" என்பார்கள். மறுப்பது நம் பழக்கத்துக்குக் கடினம், எனக்குத் தெரியும். ஆனால் பெட்டிக்குள் இருப்பது பெட்டிக்காரருடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரில், கையில் போதைப்பொருள் இருந்தால் அது என்னவென்று தெரிந்தேதான் வைத்திருந்தீர்கள் என்ற அனுமானத்திலிருந்து வழக்கு தொடங்கும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. பிரித்து, கொட்டி, மறுபடி கட்டத் தயாராக இருப்பவரின் பொருளை மட்டும் வாங்குங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் நர்ஸ் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்வது: "கறிவேப்பிலையைச் சேலைக்குள் சுற்றி வை, தெரியாது." அங்கே நடைமுறை நேர்மாறு. உணவு, விதை, இலை, மரப்பொருள் எது இருந்தாலும் நுழைவுப் படிவத்தில் குறித்துக் காட்டிவிட்டால் எடுத்துக்கொள்வார்கள் அல்லது விட்டுவிடுவார்கள், தண்டனை இல்லை. மறைத்தது அகப்பட்டால்தான் அபராதம், சிலருக்கு விசாவே ரத்து. வண்டன்மேட்டு ஏலக்காயானாலும் எழுதிவிடுங்கள். பிரிட்டனுக்குப் பாலும் இறைச்சியும் சேர்ந்த பண்டங்கள் கூடாது, பால்கோவா உட்பட.

நுழைவுப் படிவங்கள் இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான். சிங்கப்பூருக்கும், 2024 முதல் மலேசியாவுக்கும், 2025 மே முதல் தாய்லாந்துக்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பெட்டி வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் போன் செய்யலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவன மேசையில் எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள், தாமதமானால் கைக்கு வந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

வெளிவாசலில் உங்கள் பெயரெழுதிய அட்டையோடு ஒருவர் நிற்பார். காரில் ஏறியதும் "பாஸ்போர்ட்டைக் கொடு, ஆபீஸில் வைக்க வேண்டும்" என்பார். கொடுப்பதுதான் முறை என்று ஊரில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கத்தாரின் 2015ஆம் வருடச் சட்டம் முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது, அமீரகத்திலும் சவூதியிலும் அது சட்டவிரோதம். விசா பதியவும் அடையாள அட்டைக்கும் சில நாள் தேவைப்படலாம். அதற்காகக் கொடுத்தால் என்று திரும்பும் என்று கேட்டு, கொடுத்த தேதியைக் குறித்து, முதல் பக்கத்தின் படத்தைப் போனிலும் ஊரில் அக்காவின் போனிலும் வைத்திருங்கள். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம் 800 46342 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கும். ஊரிலிருப்பவர்கள் நோர்க்காவை 1800 425 3939 என்ற எண்ணில் அழைக்கலாம். இரண்டு எண்களையும் பெட்டி கட்டும் இரவிலேயே இரண்டு தாள்களில் எழுதி, ஒன்றைச் சட்டைப் பையிலும் இன்னொன்றை வீட்டுக் காலண்டரின் பின்னாலும் வையுங்கள்.