கைப்பையில் என்ன வைப்பது? வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு பாடம்



வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள் பாஸ்போர்ட், மெடிக்கல், விசா, பணியகப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் வந்து விபரம் கேட்கிறார்கள். பை கட்டுவதைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அது அம்மாவின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அம்மாவோ இராத்திரி முழுக்கக் கண் விழித்து, சீனிச்சம்பல் வதக்கி, ஊறுகாயைப் போத்தலில் அடைத்து, தலைக்குத் தேங்காய் எண்ணெயும் ஊற்றி, "போற வழியில பசிச்சா சாப்புடு" என்று கைப்பையிலேயே வைத்து அனுப்புகிறார். விமான நிலையத்தில் சோதனை மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி இருக்கும். அம்மா கட்டியதில் பாதி அந்தத் தொட்டிக்குத்தான் போகிறது. முதன்முதல் வீட்டை விட்டுப் போகிற பிள்ளை அழுதுகொண்டே விமானம் ஏறுகிறது. இதைத் தவிர்க்கலாம். லயத்து வாசலில் வேன் வந்து நிற்பதற்கு முன்பே தவிர்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயணிக்கு இரண்டு வகைச் சாமான் உண்டு. கவுண்டரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, போய் இறங்கிய பிறகு எடுப்பது பெரிய பெட்டி. கூடவே கொண்டுபோய் சீட்டுக்கு மேலே உள்ள தட்டில் வைப்பது கைப்பை. இரண்டுக்கும் சட்டம் வேறு. பெரிய பெட்டியில் போகக்கூடிய சாமான் கைப்பையில் போகாது. கைப்பையில் மட்டுமே போக வேண்டிய சாமானும் உண்டு. இதை மாற்றி வைப்பதால்தான் முக்கால்வாசித் தொந்தரவும் வருகிறது.

கைப்பையின் நிறை பெரும்பாலான விமானங்களில் 7 கிலோ. 7 கிலோ எவ்வளவு என்று கொழுந்து எடுக்கிற நம் பெண்களுக்குக் கைக்கே தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணிக்கும் கழிவு பிடிப்பார்கள். (அந்தக் கழிவைப் பற்றி நமக்குள்ள வழக்கு வேறு, அதை இங்கே பேச வேண்டாம்.) விமான நிலையத்தில் கழிவே கிடையாது. பையின் நிறையும் உங்கள் கணக்கில்தான் சேரும். சில்லுப் பூட்டிய பை வெறுமையாகவே இரண்டு மூன்று கிலோ வரும், ஆகையால் இலேசான துணிப்பையே போதும். பெரிய பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது டிக்கட்டுக்கு டிக்கட் மாறும். டிக்கட்டிலேயே எழுதியிருக்கும், ஏஜென்சியிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் நிறுத்துக்கொண்டு போனால், கவுண்டருக்கு முன்னால் பெட்டியைத் திறந்து ஊர் பார்க்கச் சாமானை மாற்றுகிற வெட்கம் இருக்காது.

ஏன் இவ்வளவு சோதனை?

"நம்மளப் பார்த்தா கள்ளன் மாதிரியா தெரியுது?" என்று ஒரு தம்பி எங்களிடம் கோபப்பட்டார். கோபம் நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. 1986 மே 3ஆம் திகதி நம் கட்டுநாயக்காவிலேயே, மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயார் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 1988 டிசம்பரில் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி என்ற ஊருக்கு மேலே ஒரு விமானம் வெடித்துச் சிதறி, கீழே வீடுகளில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் மாண்டார்கள். அந்தக் குண்டு ஒரு றேடியோ கெசட்டுக்குள் ஒளித்து, சூட்கேஸில் வைக்கப்பட்டிருந்தது. சூட்கேஸோடு ஆள் வரவில்லை, சூட்கேஸ் மட்டும் வந்தது. 2001 செப்டெம்பர் 11இல் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தியதற்குப் பிறகு சின்னக் கத்திக்கும் தடை வந்தது. 2006 ஓகஸ்டில், குளிர்பானப் போத்தலில் வெடிமருந்து கொண்டுபோகும் திட்டம் இங்கிலாந்தில் பிடிபட்டது. தண்ணீர்ப் போத்தலைத் தொட்டியில் போடச் சொல்வது அதற்குப் பிறகு வந்ததுதான்.

தண்ணீரும் எண்ணெயும்

கைப்பையில் தண்ணீர் மாதிரிச் சாமான் எதுவானாலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தலில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சின்னப் போத்தல்கள் எல்லாவற்றையும், மூடித் திறக்கக்கூடிய, உள்ளே தெரிகிற ஒரு லீற்றர் பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பைதான். இங்கே பார்ப்பது போத்தலின் அளவை, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 200 மில்லிலீற்றர் போத்தலின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் போத்தலைப் போகவிட மாட்டார்கள்.

"தண்ணீர் மாதிரி" என்றால் என்ன என்பதில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். பற்பசை, கிறீம், சித்தாலேப, கித்துள் பாணி, தேன், தயிர், ஊறுகாய், எண்ணெய் மிதக்கும் சம்பல் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். நுவரெலியாப் பக்கத்தில் விடியற்காலையில் அது மெழுகு மாதிரி உறைந்து நிற்கும், குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும். "இது கட்டிதானே" என்று ஒரு பிள்ளை வாதாடியதாகக் கேள்விப்பட்டோம். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். கட்டுநாயக்காச் சூட்டில் அது எண்ணெய்தான். ஆகையால் எண்ணெய், ஊறுகாய், சம்பல் எல்லாவற்றையும் நன்றாக மூடி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கருப்பட்டி, முறுக்கு, பிஸ்கட் கைப்பையில் போகலாம். கைக்குழந்தைக்குப் பாலும், பயணத்துக்குத் தேவையான மருந்தும் 100 மில்லிலீற்றரைத் தாண்டினாலும் விடுவார்கள். ஆனால் அவற்றைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

2025இல் அமெரிக்காவில் சப்பாத்துக் கழற்றுகிற சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ விமான நிலையத்தில் புது இயந்திரம் வைத்து 2 லீற்றர் வரை விட்டார்கள். ஆனால் போகிற வழியில் வேறு விமானம் மாறினால் அங்கேயும் சோதனை இருக்கும். எங்கே எப்படி என்று நாம் கணக்குப் பார்க்க ஏலாது. 100 மில்லிலீற்றர் என்றே கட்டிக்கொண்டு போங்கள்.

கத்தி, கத்தரிக்கோல், சவர அலகு, தேங்காய் துருவி எல்லாம் பெரிய பெட்டிக்கு. இந்தியாவுக்குச் சொந்தம் பார்க்கப் போகிற பாட்டிமார் மடியில் பாக்குவெட்டி வைத்திருப்பார்கள். அதையும் வீட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கற்பூரம் சட்டென்று தீப்பிடிக்கும் சாமான், அது இரண்டு பைக்கும் ஆகாது. கொப்பராவும் அப்படித்தான். காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம், குவிந்து கிடந்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். சபரிமலைக்குப் போகிற சாமிமார் இதைக் கவனிக்க வேண்டும். 2024 ஒக்டோபரில் இந்திய அதிகாரிகள் இருமுடித் தேங்காயைச் சோதித்துவிட்டுக் கைப்பையில் கொண்டுபோக 2025 ஜனவரி 20 வரை விசேட அனுமதி கொடுத்தார்கள். அது அந்த நாட்டு விமான நிலையங்களுக்கு, அந்தக் காலத்துக்கு மட்டும் கொடுத்தது. இங்கிருந்து ஏறுகிறவர்கள் ஒவ்வொரு வருசமும் டிக்கட் எடுக்கும்போதே குருசாமி மூலம் விமானக் கம்பனியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பவர் பேங்க்கும் போனும்

இது தலைகீழ்ச் சட்டம். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். அதற்குள் இருக்கிற பற்றரி பழுதானால் தானாகத் தீப்பிடிக்கும். ஆட்கள் பக்கத்தில் இருந்தால் அணைக்கலாம், அடித்தட்டில் பெட்டிகளுக்கு நடுவே பிடித்தால் யாருக்குத் தெரியும்? 2025 ஜனவரி 28இல் தென்கொரியாவில், புறப்பட நின்ற ஒரு விமானம் எரிந்தது. மேல் தட்டில் இருந்த பவர் பேங்க்கால் பிடித்திருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பியது பெரும் அதிர்ஷ்டம்.

அளவு 100 வோட் மணி வரை. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குச் சுலபம். பவர் பேங்க்கில் எழுதியிருக்கும் மில்லி அம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்று எழுதியிருந்தால் 74 வரும், போகலாம். 30,000 என்றால் 111. அதற்கு விமானக் கம்பனியின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைப் பறித்துவிடுவார்கள். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் கொண்டுபோகலாம், அதை விமானத்துக்குள் பாவிக்கவும் கூடாது.

சோதனை வரிசையில்

கட்டுநாயக்காவில் உள்ளே நுழையும்போதே எல்லாச் சாமானையும் எக்ஸ்ரேயில் விடுவார்கள். விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் கைப்பைக்கு மறுபடியும் சோதனை. எக்ஸ்ரேத் திரையில் இரும்பு நீலமாகத் தெரியும். சாப்பாடு, துணி, தேயிலைத்தூள் எல்லாம் செம்மஞ்சள். வெடிமருந்தும் அதே செம்மஞ்சளாகத்தான் தெரியும். நாம் ஆசையாகக் கொண்டுபோகிற தேயிலைப் பக்கற்றுகளை அடுக்கி, அதற்குமேல் சார்ஜர் வயரையும் சுற்றி வைத்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும், பையைத் திறப்பார். தேயிலை பெரிய பெட்டியில் போகட்டும். வயரைத் தனியே சுற்றி மேலே வையுங்கள்.

போன், சில்லறைக் காசு, பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு வாசல் மாதிரியான இயந்திரத்துக்குள் நடக்க வேண்டும். "தாலியக் கழட்டச் சொல்வாங்களா?" என்பதுதான் நம் பெண்கள் மெதுவாகக் கேட்கிற கேள்வி. வழக்கமாகச் சொல்ல மாட்டார்கள். சத்தம் கேட்டால் ஒரு பெண் அதிகாரி கைக்கருவியால் பார்ப்பார். பெண்களைப் பெண் அதிகாரிதான் தொட்டுச் சோதிக்க வேண்டும். ஆண் வந்தால், "பெண் அதிகாரியைக் கூப்பிடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உடுப்பை விலக்கிக் காட்ட வேண்டி வந்தால் மறைவான இடம் கேளுங்கள். முதன்முறை வந்த தோட்டத்துப் பிள்ளையை நாலு பேர் முன்னால் அதட்டுவது எந்தச் சட்டத்திலும் இல்லை. அது எங்களுக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அந்த இடத்தில் சத்தம் போட்டால் விமானம் போய்விடும், கடன் பட்டு எடுத்த டிக்கட் வீணாகிவிடும். "என்ன, குண்டா வச்சிருக்கேன்?" என்று பகிடிக்கும் கதைக்க வேண்டாம். அங்கே அதைப் பகிடியாக எடுக்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட், விசாப் பிரதி, வேலை ஒப்பந்தம், கண்ணாடி, காசு, நகை, தினமும் குடிக்கிற மருந்து, ஒரு மாற்று உடுப்பு ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் சமாளிக்கலாம். வேலைக்கு எடுக்கிறவரின் முகவரி, தூதரகத் தொலைபேசி, பணியகத்தின் 1989 என்ற இலக்கம் ஆகியவற்றைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் செத்துப்போனால் அந்தக் கடதாசிதான் துணை.

போய் இறங்குகிற நாட்டில் இன்னொரு சோதனை இருக்கிறது. டுபாய், அபுதாபிப் பக்கத்தில் வெற்றிலைக்குத் தடை. குழம்புக்கு அரைக்கிற வெள்ளைக் கசகசாவுக்கும் தடை. அது அபின் செடியின் விதை. நம் நாட்டில் பலூடாவில் போடுகிற கறுப்பு விதையையும் கசகசா என்றுதான் சொல்கிறோம். அது வேறு, ஆனால் அங்கே நின்று யாருக்கு விளக்குவது? இரண்டையும் விட்டுவிட்டுப் போங்கள். டிரமடோல், கொடீன் கலந்த வலி மாத்திரைகளை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மற்ற மருந்துகளை டொக்டரின் ஆங்கிலத் துண்டோடு, கடையில் வாங்கிய பெட்டியிலேயே கொண்டுபோக வேண்டும்.

பிறர் தருகிற பொதி

"இந்தப் பையை நீங்களே கட்டினீர்களா? யாராவது எதையாவது கொடுத்துவிட்டார்களா?" என்று கவுண்டரில் கேட்பார்கள். எல்லோரும் வாய்ப்பாடு மாதிரிப் பதில் சொல்லிவிட்டுப் போகிறோம். 1986 ஏப்ரல் 17இல் இலண்டனில் நடந்ததைக் கேளுங்கள். அயர்லாந்துக்காரப் பெண் ஒருவர், ஹோட்டலில் அறை கூட்டித் துடைக்கிற வேலை, கர்ப்பிணி. கலியாணம் முடிப்பதாகச் சொன்னவன், "நீ முன்னால போ, நான் பின்னால வாறேன்" என்று ஒரு பையைக் கொடுத்து இஸ்ரேலுக்கு விமானம் ஏற்ற அனுப்பினான். பையின் அடித்தட்டுக்குக் கீழே சுமார் ஒன்றரைக் கிலோ வெடிமருந்து. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளும் வயிற்றுப் பிள்ளையும் விமானத்தில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து சாகத்தான் அவன் அனுப்பினான். விமான நிலைய எக்ஸ்ரேயையும் தாண்டி வந்த அந்தப் பையை, விமானக் கம்பனியின் காவலர்தான் கேள்வி கேட்டுத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவனுக்கு 45 வருசச் சிறை. அவள் குற்றமற்றவள் என்று விட்டார்கள்.

நம்மவர்களுக்குக் குண்டு கொடுக்க யாரும் வரப்போவதில்லை என்று நினைக்கலாம். தூள் கொடுப்பவர்கள் வருவார்கள். சவூதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. பை யார் கையில் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும், "எனக்குத் தெரியாது" என்பது அங்கே எளிதில் எடுபடாது. வேனில் வருகிற ஏஜென்ட்டுக்காரர், "என் தங்கச்சி அங்க இருக்கா, இந்த மிளகாய்த்தூள மட்டும் குடுத்துரு" என்பார். பக்கத்து லயத்து அக்கா பலகாரப் பெட்டி நீட்டுவார். அக்கா நல்லவர்தான், ஆனால் அந்தப் பெட்டி அவர் கைக்கு யாரிடமிருந்து வந்ததோ? வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அவர் முன்னாலேயே பிரித்துக் கொட்டிப் பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். பிரிக்க விடாத பொதியைத் தொடாதீர்கள். விமான நிலையத்துக்குள் முன்பின் தெரியாத ஒருவர், "எனக்கு நிறை கூடிப்போச்சு, இத மட்டும் உங்க பேர்ல போடுங்க" என்றால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சொந்தக்காரர் மனம் நோகுமே, ஊரில் பேசுவார்களே என்று தயக்கமாக இருந்தால் எங்கள் பேரைச் சொல்லுங்கள். "வெல்பெயார் ஐயா வாங்கக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லிட்டாரு" என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள். தோட்டத்தில் எங்களோடு கோபித்துக்கொண்டவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், இன்னும் நாலு பேர் சேர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது.