நாணற்பெட்டியும் கயிறும்

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. "எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன் அக்கா, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறாய். ஒப்புக்கொடுத்தவளுக்கு ஏனடி தூக்கம் வரவில்லை?

உன் மகனைப் பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வழியனுப்பிய இரவு நான் உன் வீட்டில்தான் இருந்தேன், மறந்துவிட்டாயா? ஊறுகாய்ப் பாட்டிலுக்கு மூன்று பிளாஸ்டிக் பை சுற்றினாய். காய்ச்சல் மாத்திரைக்குத் தனி டப்பா. அவன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாய். எல்லாம் சரி. அதற்குப் பிறகு விடிய விடியப் போனைப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தில் ஊர்ந்த மஞ்சள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். வங்காள விரிகுடாவுக்கு மேலே அது சற்று மறைந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாய். நீ கண்ணை மூடினால் அது விழுந்துவிடுமா?

கோபித்துக்கொள்ளாதே. உன் வேலை உனக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. 1972இல் நம் பாயான் லெப்பாஸ் வயல்காட்டில் தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்தது. அதே வருஷம் இன்டெல் சிப் தொழிற்சாலையும் வந்தது. அன்றிலிருந்து எத்தனை தாய்மார் உன்னைப் போல மைக்ராஸ்கோப்பில் கண்வைத்துக் குறை தேடிப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்! கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்கிற வேலை நல்ல வேலை. ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் நீ அந்த லென்ஸைக் கழற்றுவதில்லை. பிள்ளையையும் அதற்குள் வைத்துப் பார்க்கிறாய். கர்த்தரையும்தான்.

"அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பாய். இல்லை. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசி. மோசேயின் தாய் யோகெபேத் மூன்று மாதம் பிள்ளையை ஒளித்துவைத்தாள். இனி முடியாது என்றானதும் நாணற்பெட்டி எடுத்து, பிசினும் கீலும் பூசினாள். ஒரு துளித் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று எத்தனை முறை விரலால் தடவிப் பார்த்திருப்பாளோ! அந்தப் பூச்சு அவள் வேலை. அதில் அவள் குறை வைக்கவில்லை. உன் மூன்று பிளாஸ்டிக் பையும் அதே பூச்சுதான், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் யோகெபேத் பெட்டியில் கயிறு கட்டி மறுமுனையைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நீ கட்டியிருக்கிறாய்.

"பிள்ளையின் அக்கா மிரியாம் கரையில் நின்று பார்த்தாளே" என்று உடனே மடக்குவாய், எனக்குத் தெரியும். பார்த்தாள், தூரத்தில் நின்று. ஓடிப்போய்ப் பெட்டியைத் திருப்பிவிடவில்லை. பேசவேண்டிய நேரம் வந்தபோது பேசினாள். நீயும் வாரத்துக்கு இரண்டு தடவை அவனோடு பேசு. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை "சாப்பிட்டாயா" என்று அனுப்பாதே.

உன் ஜெபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பக்கத்தில் முழங்காலில் இருந்து கேட்டேன். இந்த அறைதான் கிடைக்கவேண்டும், இன்னின்ன சிநேகிதம் கூடாது, தேர்வு இப்படி முடியவேண்டும்... ஆண்டவருக்கு நீ வேலைப் பட்டியல் போட்டுக் கொடுத்தாய். கேட்காதே என்று சொல்லவில்லை. கெத்செமனேயில் நம் இரட்சகரே பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனால் பிதாவின் சித்தத்துக்கு இடம் விட்டுக் கேட்டார். நீ இடமே விடவில்லையே, கண்ணு.

இனி உன் கடிதத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் கேட்ட கேள்வி. ஒப்புக்கொடுத்த பிறகும் கெட்டது நடந்துவிட்டால்? நடக்கலாம். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா இருந்தார். கோயிலுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளை 1901 முதல் தாயாக நின்று வளர்த்தவர். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று உறுதியாக இருந்தார். 1931 அக்டோபர் 24இல் இருட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். குணமாக ஜெபித்தார்கள், குணமாகவில்லை. ஓடியாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர், 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் ஒரு அறைக்குள் கிடந்தார். அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். பிள்ளைகள் அவரைத் தேடி அந்த அறைக்கு வந்தார்கள். ஏன் அப்படி விழவேண்டும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, தாயை அழைக்கும் ஒரே சொல்லோடு நிற்கிறது. நீ பயப்படுகிற அந்தக் கெட்டது அவருக்கு நடந்தது. அவரைத் தாங்கிய கை அதற்காக விலகவில்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கையைத்தான்.

இன்னொன்று. ஒரு தடவை விட்டால் முடிந்தது என்று நினைக்காதே. யோகெபேத் ஆற்றில் விட்ட பிள்ளையைப் பார்வோனின் மகள் கண்டெடுத்தாள்; பால்குடிக்க அது பெற்றவள் மடிக்கே திரும்பி வந்தது, அவளுக்குக் கூலியும் கிடைத்தது. பிள்ளை வளர்ந்ததும் யோகெபேத் மறுபடி அரண்மனைக்குக் கொண்டுபோய் விட்டாள். இந்த முறை கரையில் நின்று பார்க்க மிரியாம் இல்லை. முதல் தடவையைவிட இதுதான் அவளுக்குக் கடினமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மூன்று மாதக் குழந்தையாகவா இருந்தான்? வாய்நிறைய அம்மா என்று கூப்பிடத் தெரிந்தவன்.

உன் மகன் கிறிஸ்துமஸுக்கு வருவான். ஜனவரியில் அதே புறப்பாட்டு வாசலில் மறுபடி நிற்போம். பெட்டியை நீயே கட்டு. ஊறுகாய்க்கு நாலாவது பை வேண்டுமானாலும் சுற்று. அவன் உள்ளே போனதும் போனை என்னிடம் கொடுத்துவிடு. காலையில் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா