குளிருக்குப் பயந்த எலியா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரையில் இரவெல்லாம் எலி ஓட்டம். ஹோட்டன் சமவெளிக் காட்டில் இருப்பவை வேறு இன எலிகள் என்கிறார்கள். நம்மூர் எலிக்கு மலைக்குளிர் ஒத்துவராதா?
- வாசகர், கெலிஓயா

பதில்: தூக்கம் கெட்டாலும் நல்ல கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் குளிரின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுவோம். எலி வெப்ப இரத்தப் பிராணி. உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். உங்கள் கூரை எலியின் சொந்தக்காரர்கள் நுவரெலியா வீடுகளிலும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் யுயையாக்கோ எரிமலையின் உச்சியில், 6,739 மீற்றர் உயரத்தில், 2020இல் ஒரு சுண்டெலியை உயிரோடு பிடித்தார்கள். ஹோட்டன் சமவெளிக் குளிர் எம்மாத்திரம்!

அப்படியானால் உயரம் என்னதான் செய்கிறது? கெலிஓயா சுமார் 500 மீற்றர். ஹோட்டன் சமவெளி சுமார் 2,100. மேலே போகப் போக, 1,000 மீற்றருக்கு ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறைகிறது. அதில் முதலில் மாறுவது காடு. மரங்கள் குட்டையாகி, முறுகி, பாசி போர்த்து நிற்கும். அடியில் சிங்களத்தில் 'நெலு' எனப்படும் குறிஞ்சிப் புதர். உணவு, ஒளிவிடம், கூடு கட்ட இடம் மூன்றும் சேர்ந்ததே வாழிடம். காடு மாறினால் அதுவும் மாறும்; குடியிருக்கும் எலியும் மாறும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஓஹியா எலி, ஈரமான காட்டுக்கே உரியது.

இதற்குச் சாட்சி நம் கோப்பிக் காலத்திலேயே உண்டு. கோப்பி எலி என்றொரு எலி, காட்டில் நெலு விதை தின்று வாழ்ந்தது. விதைக்குத் தட்டுப்பாடு வந்தால் கூட்டமாகத் தோட்டங்களுக்குள் இறங்கி, கோப்பி மொட்டையும் பூவையும் தின்று தீர்க்கும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதாகப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதினார். தோட்டத் தொழிலாளர் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டார்களாம். மலையும் குளிரும் இருந்தபடியேதான் இருந்தன. விதை தீர்ந்தது, எலி இடம் மாறியது.

உங்கள் எலிக்கும் இதே கணக்குத்தான். அரிசி மூட்டையை மூடிய தகரத்துக்கு மாற்றுங்கள். கூரையைத் தொடும் பலாக் கிளையை வெட்டிவிடுங்கள். குளிர் வந்து துரத்தும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.